இருமிய கார்புரேட்டர்

மேடு ஏறும்போதெல்லாம் அந்தப் பழைய நாலுசக்கர பைக் இருமிக்கொண்டே நின்றுவிடும்.

"எல்லாம் இந்தக் கிழட்டுக் கார்புரேட்டராலதான்," என்றது மேலே உட்கார்ந்திருந்த பெட்ரோல் டேங்க்.

"நீ அனுப்புற பெட்ரோல்ல துரு வருது. தொண்டையில அடைச்சா இருமாம என்ன செய்வேன்?" என்றது கார்புரேட்டர்.

"என்னையே குறை சொல்றியா? உனக்குக் காயலான் கடைதான்."

அப்படியே நடந்தது. பட்டறை மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய இரும்புச் சாமான் கூடையில் எறிந்துவிட்டு, பளபளக்கும் புதுக் கார்புரேட்டரைப் பொருத்தினார்.

"அய்யா எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாம குடிச்சுக்குவேன்," என்றது புதுசு.

"இவன்தான்டா பிள்ளை!" என்று கூடையைப் பார்த்துச் சிரித்தது டேங்க்.

பட்டறை வாசல் மேட்டில் பாதி ஏறியதும் புதுசும் இருமியது. வண்டி நின்றது.

"துரோகி, நீயுமா?"

"நான் வாயே திறக்கலைங்கய்யா. உங்க துருதான் இருமுது."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பிறகு டேங்கைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். செந்நிறச் சேறு கொட்டியது. அடிப்பாகமே அரித்துப்போயிருந்தது. அதையும் அதே கூடையில் எறிந்தார்.

கூடையில் கிடந்த பழைய கார்புரேட்டர் நகர்ந்து இடம் கொடுத்தது.

"வாங்க தலைவரே! இங்க நல்லா இருமலாம், கூச்சப்படாதீங்க."