நடு நாற்காலி

கப்பல் கேப்டனாகித் தங்கை ஊர் திரும்பிய அன்று ஹால் முழுக்கச் சொந்தக்காரர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள அண்ணிகள் இருவருக்கும் அடிதடி நடக்காத குறை.

"நடு நாற்காலி உனக்குத்தாம்மா!" என்றார் பெரிய அண்ணன். "பேப்பர்ல உன் படம் வந்ததும் மாரைத் தட்டிச் சொன்னேன், இவ என் தங்கச்சின்னு!"

"கடல் வேலைக்குப் படிக்கப் போனா, நீ என் தங்கச்சியே இல்லன்னும் நீங்கதானே அண்ணா சொன்னீங்க?"

"பதினெட்டு வருஷத்துப் பழசை இப்ப எதுக்குக் கிளறுற? போட்டோகிராபர் காத்துக்கிட்டு நிக்கிறார் பாரு."

அவள் சுவரில் தொங்கிய பழைய குடும்பப் படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, தான் கொண்டுவந்த பெரிய பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இருந்தது இடுப்புயரப் பூச்சாடி.

"அடடா, நம்ம வீட்டுக்கா!" பெரிய அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

அவள் அதை நடு நாற்காலியில் தூக்கி வைத்தாள். "இப்ப எடுங்க சார்."

"என்ன கூத்து இது? அப்ப நீ?" அண்ணன் எகிறினார்.

"அன்னைக்கு என் இடத்துல இதைத்தானே வச்சீங்க? இன்னைக்கும் இதுவே இருக்கட்டும்."

சுவரைக் கைகாட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.

போட்டோகிராபர் பழைய படத்தை நெருங்கிப் பார்த்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே, யாரோ மையால் வரைந்து சேர்த்த பூச்சாடி.

அதற்குக் கீழே, மறைக்க மறந்துபோன இரண்டு கால்கள், பள்ளிக்கூட ஷூவோடு.