கடைசித் தொட்டி

"அம்மணி, உன்ற பூச்சிக சாயத்தைத் திங்குமா, இல்ல என்னைத் தின்னு தீத்துருமா?"

சாயப்பட்டறை முதலாளி குழந்தைசாமி விடிந்ததிலிருந்து கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைய சோதனையில் கழிவுநீரில் சாயம் தெரிந்தால் பட்டறைக்குச் சீல். அத்தனை பேர் பிழைப்பும் போய்விடும்.

"பூச்சி இல்லீங்ண்ணா, பாக்டீரியா," என்றாள் பிரமிளா. அதைப் படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். "முன் தொட்டியில அதுகளுக்குத் தீனியா வெல்லம் கரைச்சு ஊத்தியிருக்கேன். ராத்திரி முழுக்க வேலை செஞ்சிருக்கும்."

"நேத்துச் சாயங்காலம் ரோஸ்மில்க் மாதிரி இருந்துச்சே."

"காலைல தெளிஞ்சிரும்னு சொன்னேனுங்களே."

"என்னமோ போ. முன்னெல்லாம் சாயத் தண்ணிய ஓடையில திறந்து உட்டோம், ஆரு கேட்டா?"

வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஜீப் வந்து நின்றது. பிரமிளா ஓடிப்போய், கடைசித் தொட்டிக்குள் விழும் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துளி நிறம் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணா, ஜெயிச்சிட்டோமுங்க."

பாட்டிலைப் பார்த்த குழந்தைசாமியின் முகம் செத்துப்போனது. "அட சாமி..." என்று முனகினார். சந்தோஷத்தில்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"குழாய்த் தண்ணி வேண்டாம்மா," என்றார் அதிகாரி. "தொட்டியிலதான் எடுப்பேன்."

வாளியை இறக்கி மொண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். ரோஸ் நிறம் தெளிவாகத் தெரிந்தது.

"சார், நேத்துக் கழுவி வெச்ச தொட்டி. இந்தக் குழாய்த் தண்ணி மட்டுந்தான் இதுக்குள்ள போகுது," என்றாள் பிரமிளா.

"அப்ப இந்தக் கலர் வானத்துல இருந்து விழுந்துச்சா? எந்தப் பட்டறைக் கழிவைத் திருட்டுத்தனமா வாங்கி ஊத்துனீங்க?"

குழந்தைசாமி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பட்டறைத் தண்ணி இல்லீங்க சார். அம்மணி பேச்சை நம்பாம, சாயம் மட்டுப்படட்டும்னு விடியறதுக்குள்ள இந்தத் தொட்டியில ரெண்டு டேங்கர் நல்ல தண்ணி ஊத்தச் சொல்லிட்டனுங்க. ஊத்தியும் ரோஸாவே இருந்துச்சு, நம்ம சாயந்தான்னு நெனச்சுட்டனுங்க."

"இதுவா நல்ல தண்ணி? எங்க எடுத்தது?"

குழந்தைசாமி குவளையைக் கையில் வாங்கினார்.

"ஓடையோரம் எங்க தோட்டத்துக் கிணத்துலீங்க."