ஒன்பது நொடி

ஆம்புலன்ஸுக்குச் சீக்கிரமான பாதையைத் தேடித்தரும் நிரல் அது. ஒன்பது நொடி எடுத்துக்கொண்டிருந்தது, இன்று கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அலுவலகமே கைதட்டியது. எழுதியவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

“சார், ஒரு நிமிஷம்...”

“அடக்கமெல்லாம் அப்புறம்!” மேலாளர் முதுகில் தட்டினார். “ஆஸ்பத்திரிக்கு வாக்கு குடுத்தாச்சு.”

“அதில்ல சார்...”

போன் அடித்தது. மேலாளர் வெளியே ஓடினார்.

பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்: “அப்படி என்னண்ணா மாத்துனீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. கிடைச்ச பாதையைத் திரையில காட்டுற வரியை மட்டும் எடுத்தேன். நிரலை ஓட்டுற எஞ்சின், தேவையில்லாத வேலையை ஓட ஓட வெட்டிவிடுறதாச்சே! காட்டலன்னதும் விடை யாருக்கும் வேண்டாம்னு நினைச்சு, அது பாதையைத் தேடவே இல்ல.”

வெளியே மேலாளர் குரல் கேட்டது: “ஆமா சார், இன்னைக்கே எல்லா வண்டியிலயும் போட்டுடறோம்!”