நடுங்கிய கோடு

அவன் அவருடைய விரலைப் பிடித்துச் சைக்கிள் பாரின் மேல் வைத்தான்.

பார் வழவழவென்று இருந்தது. இருக்காதா பின்னே? பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி அவனே கொண்டுவந்த வழவழப்பு. இன்று காலை வரைக்கும் அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"இங்கே இல்லை, கென். இன்னும் பின்னால்" என்றார் டோரீன் அம்மா.

கனகேந்திரன் என்ற பெயர் அவர் வாயில் கென் ஆகிப் பல காலம். கனடாவில், ஸ்காபரோவில் இந்த வீட்டின் மேல்தளம் அவருடையது. பேஸ்மென்டில் அவனும் மனைவி தவமலரும் வாடகைக்கு.

வந்த புதிதில் விடியற்காலை வேலைக்குப் போக பஸ் இல்லை. கராஜில் கிடந்த இந்தப் பழைய கனடியச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான். எப்போது முடியுமோ அப்போது திருப்பித் தா என்றார்.

இப்போது ஏஜக்ஸில் சொந்த வீடு. வாசலில் சொந்தக் கார். இன்றைக்குக் குடிபோகிறார்கள்.

சைக்கிளைச் சும்மா திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அவனுடைய ஊர்ச் சனத்துக்கு அது வருமா? பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த சட்டியைக்கூட வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்காத சனம். நாலு முருங்கைக்காயாவது போட்டுத்தான் அனுப்பும்.

"இவ்வளவு நாள் ஓடிப்போட்டு இப்பிடியே குடுக்கப் போறீங்களே? மனுசி என்ன நினைக்கும்?" என்று தவமலரும் ஏற்றிவிட்டாள்.

போதாதா? மனிதன் இறங்கிவிட்டான்.

பழைய பெயின்டைச் சுரண்டினான். அதே மரூன் நிறத்தைக் கடை கடையாய் ஏறி இறங்கிப் பிடித்தான்.

பழைய பெயின்டில் பார் நெடுக ஒரு பொன்நிறக் கோடு ஓடியது. மெல்லிய கோடு. சீட்டுக்குக் கிட்ட வரும்போது மட்டும் ஒரு துள்ளுத் துள்ளிக் கோணிப்போயிருந்தது.

"கீறினவன் நல்ல குடிவெறியில கீறியிருக்கிறான் பாரும்" என்று தவமலருக்குக் காட்டிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் சாண்ட் பேப்பரை இன்னும் அழுத்தித் தேய்த்தான். பெரிய கெட்டிக்காரன்.

டோரீன் அம்மாவின் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. நிறம் தெரியும், ஓரம் தெரியும். மரூன் நிறம் மின்னுவதைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

"சைக்கிளை உள்ளே வைக்கும் முன் என் விரலை என் கோட்டில் வை" என்றார்.

"எந்தக் கோடு?"

ஐயோ, அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

நகரத்தின் மேற்கே ஒரு சைக்கிள் தொழிற்சாலை இருந்ததாம். குழாய்களைத் தீயில் பொருத்தி, எனாமல் தொட்டியில் முக்கி, பேக்கரிப் பாண் போல அடுப்பில் சுட்டு எடுப்பார்களாம். பிறகு கொக்கியில் தொங்கிக்கொண்டு அந்தச் சட்டங்கள் பெண்களின் மேசைக்கு வரும். கோடு இழுப்பது அவர்கள் வேலை. நீண்ட மயிர்த்தூரிகை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. டோரீன் அம்மாவின் தாய் அந்த மேசையில் இருந்தார்.

"அப்போது நான் அவர் வயிற்றில். பாதிக் கோட்டில் உதைத்துவிட்டேன்."

கோடு துள்ளிவிட்டது. மேற்பார்வையாளர் கழித்து ஒதுக்கிவிட்டார். கழித்ததை டோரீன் அம்மாவின் தந்தை கேட்டு வாங்கி, சில்லுப் பூட்டி, சாகும்வரை அதில்தான் ஓடினார்.

"நான் பிறப்பதற்கு முன் எடுத்த படம், கென். வேறு யாரிடம் இருக்கிறது அப்படி? நீ வேலைக்குப் போகாத நாளில் இறங்கி வந்து தொட்டுவிட்டுப் போவேன். உனக்குத் தெரியாது."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

சொல்லிவிடு என்றது மனம். இப்போதே சொல்லிவிடு. வெறியில் கீறினான் என்று சிரித்த வாய் திறக்கவே மாட்டேன் என்றது.

அப்படித்தான் அவர் விரலைப் பிடித்துப் பாரில் வைத்தான். அது நெடுகப் போனது. வந்தது. மறுபடி போனது.

"விரலும் மரத்துவிட்டது போல" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நெஞ்சில் தொடங்கிய உதறல் தோளுக்கு வந்து கைக்கு இறங்கியது. அந்தக் கையால்தான் அவர் விரலைப் பிடித்திருந்தான். சீட்டுக்குக் கிட்ட, வழவழத்த வெறும் பெயின்டின் மேல், அவர் விரல் ஒரு துள்ளுத் துள்ளியது.

"ஆ!"

அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"இதோ. இதோ இருக்கிறது."

அவன் கையை விலக்கிக்கொண்டான்.

"எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டு இதை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறாயே. உன் அம்மா உன்னை நன்றாக வளர்த்திருக்கிறார்."

வாசலில் தவமலர் கார் ஹோர்னை அடித்தாள்.

"வாறன்" என்றான். 

"ஒரு நிமிஷம், கென்" என்றார் டோரீன் அம்மா. "நாளைக்கு நீ இருக்க மாட்டாய். நானேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இடத்தை இன்னொரு தரம் சரியாகக் காட்டிக் கொடு."

விரலை நீட்டினார்.