பதினாலாம் நம்பர் பூட்டு

"மறந்துட்டேன் சார். அப்படியே எழுதிக்கோங்க."

ஃபிட்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே உட்கார்ந்திருந்த ஷிப்ட் இன்சார்ஜுக்குப் பேனா ஓடவில்லை. இங்கே 'சார்' என்கிற அதே வாய், வீட்டுக்கு வந்தால் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடும். மாமனாரை நிற்க வைத்து மருமகன் நடத்தும் விசாரணை.

பக்கத்து நாற்காலியில் தலைமைப் பொறியாளர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வார்த்து முடித்த கான்கிரீட் சுவர்களைத் தானே தூக்கி, தானே நகர்த்தி, தானே அடுக்கிக்கொண்டிருந்தது இயந்திரம். அதைச் சுற்றி மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டுகிறவர் தன் பூட்டை மெயின் ஸ்விட்சில் மாட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவரே வந்து திறக்கும் வரை யார் பொத்தானை அழுத்தினாலும் இயந்திரம் அசையாது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதே இன்சார்ஜ்தான்.

"நேத்து பதினொண்ணே காலுக்கு டீ டைம் முடிஞ்சுது. கன்ட்ரோல் ரூம் பொண்ணு ஸ்டார்ட்டை அமுக்கினா, மெஷின் அசையலை" என்றார் பொறியாளர். "போய்ப் பார்த்தா உங்க பதினாலாம் நம்பர் பூட்டு தொங்குது. இருபத்தோரு நிமிஷம். நாலு லாரி வெளியே நின்னுது. உள்ளே என்ன வேலை உங்களுக்கு?"

"ஒரு போல்ட்டைப் பார்க்கப் போனேன் சார். வெளியே வந்ததும் பூட்டை எடுக்க மறந்துட்டேன்."

"அந்தப் பொண்ணு போன் போட்டாளாமே?"

"காது கேக்கலை சார்."

"குழாயடியில நின்னு சுவர் அடுக்கையே பார்த்துக்கிட்டிருந்தீங்களாம். பையில போன் அடிச்சது அவளுக்கே கேட்டிருக்கு."

"வயசாச்சு சார்."

முந்தாநாள் வரை ஸ்பானர் சைஸைக் கண்ணாலேயே சொன்ன மனிதர். இன்சார்ஜுக்கு உள்ளுக்குள் எரிந்தது. உண்மையான காரணத்தைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

"நீங்க அப்போ எங்கே இருந்தீங்க?" பொறியாளர் இன்சார்ஜ் பக்கம் திரும்பினார்.

"வீட்டிலிருந்து போன் சார். டாக்டர் ரிசல்ட் வந்திருந்துது."

"அட, ஆமா. சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம்."

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த செய்தி. நாலு பேர் பார்க்க அழக் கூடாதே என்று, பேசிக்கொண்டே எங்கேயோ ஒதுங்கிப் போய் அழுது தீர்த்திருந்தான்.

பொறியாளர் ஃபைலை மூடினார். "கோட்டைத் தாண்டி பூட்டில்லாம போயிருந்தா இன்னிக்கே கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இது மறதி. அதனால வேலை இருக்கும். ஆனா மெஷின் பக்கம் வேண்டாம். நாளையிலிருந்து கட்டை அறுக்கற ஷெட்டுக்குப் போங்க."

"ரொம்ப நன்றி சார்" என்றார் ஃபிட்டர். வேண்டா வெறுப்பாக அல்ல, முகமெல்லாம் மலர்ந்து.

பொறியாளர் போனதும் இன்சார்ஜ் எழுந்து கதவைச் சாத்தினான்.

"என்ன மாமா இது? மெஷினை விட்டுட்டு உங்களால இருக்க முடியுமா?"

மாமனார் வலது கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. சுவர்களுக்கு நடுவே கட்டையைக் கையால் சொருகிய காலத்தில் போனவை.

"மீதி எட்டையும் காப்பாத்திக் கொடுத்த மகராசி மாப்பிள்ளை, அந்த மெஷின். தூரத்திலிருந்து பார்த்துக்கறேன். அவளுக்கு வேண்டிய கட்டையைத்தானே அறுக்கப் போறேன்."

"என்னால தலை தூக்க முடியலை."

"நீங்க ஏன் குனியணும்? ஏழு வருஷத்துல என் பொண்ணை ஒரு சொல் சொன்னதில்லை நீங்க. யார் யாரோ என்னென்னவோ பேசினாங்க, நீங்க பேசலை. அந்த நன்றிக்கு நான் இன்னும் ஒண்ணும் செய்யலையேன்னு இருந்தேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லை. சும்மா சொன்னேன்" என்று சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டில், விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நேத்து எங்கேங்க நின்னு பேசினீங்க? எப்பவும் ஹலோவுக்கு முன்னாடி உங்க மெஷின் இரைச்சல்தான் காதைப் பிளக்கும். நேத்து அத்தனை நேரமும் கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி அவ்வளவு அமைதி. ஆற அமரப் பேச முடிஞ்சுது."

அவன் கை ஷூ நாடாவிலேயே நின்றது.

"ராத்திரி அப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லப் போனேன். 'தெரியும்மா, மாப்பிள்ளை அழுதுக்கிட்டே சிரிச்சதைப் பார்த்தேன். அவர் பேசி முடிக்கட்டும்னு அங்கேயே நின்னேன்'னார்."

காதில் போனோடு நடந்தது ஞாபகம் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் ஆளுயரச் சுவர் அடுக்குகளுக்கு நடுவே நின்றதும் ஞாபகம் இருந்தது. காலடியில் மஞ்சள் கோடு வந்ததுதான் ஞாபகமில்லை.

கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, பொறியாளரின் நம்பரை அழுத்தினான்.

"சார், நேத்து பூட்டை மறந்தது அவர் இல்லை. நான்."