வீட்டுக்காரர் வேஷம்

"அகதி முகாம் ஆளுங்களுக்கெல்லாம் வூடு குடுக்கறதில்ல. நாளைக்கு போலீசு, விசாரணைன்னு எவன் அலையறது? வேற எடம் பாத்துக்கோ."

கன்னியப்பன் சொல்லி முடித்ததும் ரஞ்சனி தலையை ஆட்டினாள். "நல்லாருக்குண்ணே. ஆனா என் மூஞ்சியப் பாக்காம, கொஞ்சம் அவசரமா சொல்லுங்க."

ஒரகடத்தில் அவர்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்கு நாடகம். முகாமில் பிறந்து வளர்ந்த அகதிப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்து, குடியிருக்க இடம் கேட்டு வீடு வீடாக அலைந்து, கடைசியில் கூட வேலை செய்கிறவர்களையே சொந்தமாக்கிக்கொள்ளும் கதை. எழுதியது, சொல்லிக்கொடுப்பது, அந்தப் பெண்ணாக நடிப்பது எல்லாம் ரஞ்சனிதான். சேர்ந்து நாலே மாதம் ஆனவள், ஷிப்டு முடிந்த பிறகும் அலுக்காமல் இருபது பேரைக் கட்டி மேய்க்கிறாள். கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டுகிற கன்னியப்பனுக்கு அதைப் பார்த்து ஆச்சரியம் தாங்கவில்லை. தன்னால் இவள் நாடகம் கெட்டுவிடக் கூடாதே என்று ஒரே பயம்.

பயந்தபடியே ஆயிற்று.

விழா அன்று மேடையில், தோளில் பையோடு அவர் முன்னால் வந்து நின்றாள் ரஞ்சனி. "எங்கம்மா ஆறு வயசுல தோணியில வந்தாங்க. நான் பொறந்ததே இங்கதான். உங்க ஊருக்குப் போன்னு எல்லாரும் சொல்றீங்களே, இத விட்டா எனக்கு ஏதுங்க ஊரு?"

திரைக்குப் பின்னாலிருந்து யாரோ வசனத்தை எடுத்துக் கொடுத்தும் கன்னியப்பன் அதைக் காதில் வாங்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

"உள்ள வாம்மா," என்றார். "வூடு உனக்குத்தான்."

கைதட்டல் ஓயவே இல்லை. மிச்சக் காட்சிகளுக்கு வேலையே இல்லாமல் திரையை இறக்கிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "மன்னிச்சுக்கோம்மா. உன் கஷ்டமெல்லாம் வீணாப் பூட்ச்சு."

"பரவால்லண்ணே. ஜனத்துக்கு இதுதான் புடிச்சிருக்கு."

"கதையெல்லாம் பிரமாதமாத்தான் எழுதிக்கீற. அந்த வூட்டுக்காரன் பேசறதுதான் நம்பற மாதிரி இல்ல. வயசுப் பொண்ணாண்ட எவனாவது அப்படிப் பேசுவானா?"

ரஞ்சனி மெல்லச் சிரித்தாள்.

"அத மட்டும் நான் எழுதலண்ணே. வேலைக்குச் சேந்த புதுசுல, உங்க வடக்குப்பட்டு வூட்ட வாடகைக்குக் கேட்டு போன் பண்ணேன். அப்ப நீங்க சொன்னதுதான்."