கடாமுகனின் கழுத்து

"கெதியா வெட்டுங்கோ தம்பி. பேப்பர் எல்லாம் விரிச்சாச்சு," என்றான் கடாமுகன்.

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றின் ஐந்தாவது தளம். தரை முழுக்கப் பழைய பத்திரிகைகள். நடுவே முழந்தாளிட்டு, தன் ஆட்டுத்தலையை முக்காலி ஒன்றின்மேல் சாய்த்திருந்தான் அந்த அரக்கன். கழுத்து மயிரைக்கூட விடியவே வழித்து வைத்திருந்தான்.

"இருங்கோ அண்ணை, மூச்சு வாங்குது. லிப்டும் வேலை செய்யேல்லை." அஞ்சாவீரன் கவசத்தைக் கழற்றி மூலையில் போட்டான். முப்பது வருடம் அரக்கர்களைத் துரத்தியதில் அவனுடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. மின்விசிறியின் சுவிட்சைப் போட்டு, பக்கத்துச் சுவரில் முழங்கையால் ஓர் இடி இடித்தான். அது முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது.

"ஆயிரம் வருசம் தம்பி," என்றான் கடாமுகன், தலையைத் தூக்காமலே. "ஊரை எரிச்சு, இளவரசியளைத் தூக்கி, மலை உச்சியில நிண்டு சிரிச்சு... இப்ப சிரிச்சால் இருமல்தான் வருது. சாபம் தெரியும்தானே? பௌர்ணமியில, உங்கட வாளால, ஒரே வெட்டிலதான் எனக்குச் சாவு. குடிவந்த நாட்டை விட்டு நூறு வருசத்துக்கு வெளிய போகவும் ஏலாது. எனக்குக் களைச்சுப் போச்சு."

"இண்டையோட எல்லாம் முடியும் அண்ணை."

"உங்களுக்கு அடுத்தது ஏழுதலையனாம் எண்டு கேள்விப்பட்டன். கவனம் தம்பி, அவன் ஏழு வாயாலையும் நெருப்புக் கக்குவான்."

அஞ்சாவீரன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். வாளை ஓங்கினான். பிறகு இறக்கி, பெருவிரலால் தடவிப் பார்த்தான். "கூர் போச்சு அண்ணை. ஒரே வெட்டில விழாது."

"அதுக்கென்ன? எதிர்வீட்டுப் பதியுதீன் நானா இறைச்சிக்கடைக்காரர்." கடாமுகன் தானே எழுந்துபோய்க் கதவைத் தட்டிக் கூட்டி வந்தான்.

பதியுதீன் சாரத்தோடும் தேநீர்க் கோப்பையோடும் வந்தார். வாளைப் பார்த்தார். விரித்திருந்த பத்திரிகைகளைப் பார்த்தார்.

"இன்டைக்கா? இன்டைக்குப் போயா லீவு தானே! நானே கடயப் பூட்டிட்டு ஈக்கிறன். போயாவுக்கு ஆடு, மாடு ஒன்டும் அறுக்க ஏலா. சட்டம்."

"நான் ஆடில்லை நானா. அரக்கன்."

பதியுதீன் தொழில்முறைப் பார்வையோடு அவனை ஒருமுறை சுற்றி வந்தார். "கழுத்துக்கு மேல ஆடு தானே. வெட்டப் போறதும் அங்கதான்."

வாள் நிலத்தில் விழுந்தது. அஞ்சாவீரன் தலையில் கை வைத்தான். "ஐயோ அண்ணை! நிக்கிற மண்ணின்ர சட்டத்தை வீரன் மீறேலாது. மீறினால் வாள் பொடியாப் போயிடும்."

"அப்ப நாளைக்கு வாங்கோவன்."

"நாளைக்குப் பௌர்ணமி இல்லையே."

"அடுத்த பௌர்ணமிக்கு?"

"அதுவும் போயா தான்," என்றார் பதியுதீன். "இந்த நாட்டுல எல்லாப் பௌர்ணமியும் போயா."

கடாமுகன் முக்காலியில் உட்கார்ந்தான். அவனுடைய கொம்புகள்கூடத் தொங்கிப்போனதுபோல் இருந்தது. அஞ்சாவீரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவசத்தை அள்ளினான். "மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ அண்ணை. என்னை அனுப்பின ராசாவுக்கு நான் கடிதம் எழுதுறன், உங்களை முடிக்காமல் அடுத்த ஆளிட்டைப் போகேலாது எண்டு."

அவன் வெளியேறினான். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது.

கடாமுகன் குனிந்து பத்திரிகைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினான். பதியுதீனுக்குப் பாவமாக இருந்தது. அவரும் இரண்டை எடுத்து மடித்தார்.

"வேற எந்த நாட்டுல ஈந்தாலும் இன்டைக்கு உங்கட வேல முடிஞ்சீக்கும். உலகத்துல வேற எடமா இல்ல? ஏன் கொழும்புக்கு வந்த?"

கடாமுகனின் கை நின்றது. கீழே, வீதிப் பக்கமிருந்து யாரோ சீட்டியடித்துக்கொண்டு போகும் சத்தம் வந்தது.

"இந்த வீட்டைப் பாத்து எடுத்துத் தந்ததே அந்தத் தம்பிதான் நானா."